‘டிக்கர்’ என்பது பேரமா, பத்துத் தோல்களா?

வாசகர் கேள்வி – பதில்

பர்மாவிலிருந்து பயறு ஏற்றுமதி செய்வோர் எழுதும் ஆங்கிலக் கடிதங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அதில் எடுத்துக்காட்டாகக் கொடுத்த கடிதம் ஒன்றில், உளுந்தின் விலை குறித்து அயல்நாட்டு வணிகர் ஒருவர், ‘இந்தச் சிறு வேறுபாட்டுக்காக நாம் இனியும் டிக்கர் செய்துகொண்டிருக்க வேண்டாம்’ என்று எழுதியிருப்பதாக ஒரு வரி வந்தது. அந்த ஒரு சொல்லைப் பற்றியே பல கடிதங்கள் வந்திருப்பதால், அவற்றுள் நான்கினை எடுத்துக்கொண்டு இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

யாங்கோன் வாசகர் ஒருவர்: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். ‘டிக்கர்’ என்ற சொல்லுக்கு என் கைப்பேசி அகராதி ‘பேரம் பேசுதல்’ என்று பொருள் தருகிறது. என் தந்தையார் வைத்திருந்த பழைய ஆங்கில அகராதியிலோ ‘பத்துத் தோல் கொண்ட கட்டு’ என்று இருக்கிறது. இவை வெவ்வேறு சொற்களா? ஒரே சொல் என்றால், தோல் கட்டு எவ்வாறு பேரமாயிற்று?

பதில்: இரண்டு அகராதிகளும் சரியாகவே சொல்கின்றன. இரண்டும் ஒரே சொல்லாகவே இருக்க வேண்டும் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரும் ஏற்கும் கருத்து. பத்துத் தோல் என்பது முந்திய பொருள். அதன் வேர் ரோமானியர் காலத்தைச் சேர்ந்தது. பேரம் என்பது பிந்திய பொருள். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வயதுதான் ஆகிறது.

லத்தீன் மொழியில் பத்து என்ற எண்ணைத் ‘தெகெம்’ என்பார்கள். பழைய ரோமானிய நாட்காட்டியில் பத்தாம் மாதமாக இருந்த டிசம்பரின் பெயரில் அந்த எண்ணே அமைந்திருக்கிறது. தசமி, தசாவதாரம் என்று நாம் சொல்லும்போது வருகின்ற வடமொழித் ‘தச’வும் அதே மூலத்திலிருந்து கிளைத்ததாகும். தெகெமிலிருந்து ‘தெகூரியா’ என்ற சொல் பிறந்தது. முதலில் அது பத்துப் பேர் அடங்கிய குழுவைக் குறித்தது. பின்னர்ப் பத்துத் தோல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுக்கும் அதுவே பெயராயிற்று. வலேரியன் என்ற ரோமானியப் பேரரசரின் பெயரால் வழங்கும் கடிதம் ஒன்றில், படை அதிகாரி ஒருவருக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் இருக்கிறது. கூடாரத் தோல் முப்பது தெகூரியா, அதாவது முந்நூறு தோல்கள், என்ற கணக்கு அதில் வருகிறது.

ரோமானியப் படைக்குத் தோல் இல்லாமல் ஒரு நாளும் நடக்காது. வீரர்கள் தங்கிய கூடாரம், கேடயத்தின் உறை, காலணி, குதிரைச் சேணம் யாவும் தோலால் ஆனவை. அந்தத் தோலுக்காக ஒரு மக்கள் கூட்டமே கிளர்ந்தெழுந்த வரலாற்றை டாசிட்டஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய நெதர்லாந்தின் வடபகுதிக் கடற்கரையில் வாழ்ந்த ஃப்ரீசியர்கள் வறியவர்களாக இருந்ததால், ட்ரூசஸ் என்ற ரோமானியத் தளபதி அவர்களிடம் படைத்தேவைக்கான மாட்டுத் தோல்களையே திறையாகப் பெற்று வந்தார். தோல் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று எவரும் கண்டிப்புடன் பார்க்கவில்லை. பிறகு அங்கே அதிகாரியாக வந்த ஒலெனியஸ் என்பவர், காட்டெருதின் தோல் அளவுக்கு ஒவ்வொரு தோலும் இருந்தாக வேண்டும் என்று விதித்துவிட்டார். வீட்டில் வளரும் சிறிய மாடுகளை வைத்திருந்த மக்கள் அந்த அளவுக்கு எங்கே போவார்கள்? முதலில் மாடுகளையே கொடுத்தார்கள், பிறகு நிலத்தைக் கொடுத்தார்கள், கடைசியில் மனைவி மக்களை அடிமைகளாகக் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள். முறையிட்டும் பயன் இல்லாமற்போகவே, கி.பி. 28ஆம் ஆண்டில் திறை வாங்க வந்த வீரர்களைத் தூக்கில் ஏற்றிக் கலகம் செய்தார்கள். ஒலெனியஸ் கோட்டைக்குள் ஓடித் தப்பினார்.

இந்த நிகழ்ச்சியில் தெகூரியா என்ற சொல் வருவதில்லை. ஆயினும் இதை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோல் வணிகத்தில் எண்ணிக்கை என்பது பாதிச் செய்திதான். பத்துத் தோல் என்று சொன்னால் எத்தனை என்பது முடிவாகிவிடும். ஆனால் எருமைத் தோலா, கன்றின் தோலா, உரித்தவன் கத்தி பட்டுக் கிழிந்ததா, பூச்சி துளைத்ததா, உப்பிட்டுக் காய வைத்ததா, ஈரம் வற்றாததா என்பவை அனைத்தும் கட்டை அவிழ்த்துப் பார்த்துப் பேசித் தீர்க்க வேண்டியவை. எண்ணிக்கை முன்பே உறுதியாகிவிட்ட பொருளில் பேச்சு முழுவதும் தரத்தின் மேலேயே செல்லும். ‘இந்தப் பத்தில் இரண்டை மாற்றிக் கொடு, இல்லையென்றால் விலையில் குறைத்துக்கொள்’ என்பதே அந்தப் பேச்சின் இயல்பான வடிவம். கட்டின் பெயர் பேரத்தின் பெயரானதற்கு வழி இங்கேதான் திறந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ரோமானியரோடு கொண்ட தொடர்பால் ஜெர்மானிய இனத்தவர் இந்தச் சொல்லைத் தம் மொழிகளில் ஏற்றுக்கொண்டார்கள். ஜெர்மனில் ‘டெஹர்’ என்றும், ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியில் ‘டெக்ர்’ என்றும், இடைக்கால ஆங்கிலத்தில் ‘டைக்கர்’ என்றும் அது வழங்கியது. இது தனியாகப் போன சொல் அன்று. எடையைக் குறிக்கும் ‘பவுண்டு’ லத்தீனிலிருந்து அவ்வாறு சென்றதே. மீன் விற்பவர், இரும்பு விற்பவர் ஆகியோரின் ஆங்கிலப் பெயர்களில் பின்னொட்டாக வருகின்ற ‘மாங்கர்’ என்பதும் வணிகரைக் குறித்த லத்தீன் சொல்லின் வழிவந்தது. இன்று மலிவு என்று பொருள்படும் ‘சீப்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் வணிகத்தையும் விலையையும் குறித்தது. லண்டனின் சீப்சைடு என்ற தெரு பழைய சந்தைத் தெருவாகும். சீப் என்பதன் மூலமும் சிறுகடைக்காரரைக் குறித்த ‘கௌப்போ’ என்ற லத்தீன் சொல் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கில், குளோஸ்டர் நகரம் முந்திய அரசர் எட்வர்டின் காலத்தில் செலுத்திய வரியில் 36 டிக்கர் இரும்பும், அரசரின் கப்பல்களுக்கு ஆணி அடிப்பதற்கான நூறு இரும்புக் கம்பிகளும் இருந்ததாகக் குறிப்பு உண்டு. எனவே தோலுக்கு மட்டுமன்றி வேறு சரக்குகளுக்கும் அந்த அளவு பயன்பட்டிருக்கிறது. இடைக்கால அளவைச் சட்டத்தில் கையுறைக்கு ஒரு டிக்கர் என்றால் பத்து இணைகள். தோலுக்குப் பத்துத் தோல் ஒரு டிக்கர், இருபது டிக்கர் ஒரு லாஸ்ட்.

பேரம் என்ற பொருள் அமெரிக்காவில் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அது வினைச்சொல்லாக எழுத்தில் வருகிறது. நாணயம் அரிதாக இருந்த எல்லைப்புறக் குடியேற்றங்களில் மான் தோலும் நீர்நாய் போன்ற பீவரின் தோலும் பணத்துக்கு ஈடாகப் புழங்கின. 1670இல் தொடங்கப்பட்ட ஹட்சன் விரிகுடாக் கம்பெனி, ஒரு நல்ல பீவர் தோலையே தன் கணக்குகளுக்கு அடிப்படை அலகாக வைத்திருந்தது. 1748இல் ஒஹாயோ பகுதிக்குத் தூது சென்ற கொன்ராட் வைசர் தம் நாட்குறிப்பில் ஒரு பீப்பாய் விஸ்கியின் விலையை ‘ஐந்து பக்’ என்று எழுதியிருக்கிறார். பக் என்பது ஆண் மான். டாலரை இன்றும் பேச்சு வழக்கில் ‘பக்’ என்பது இதனால்தான் என்பது பரவலான கருத்து. இத்தகைய இடத்தில் டிக்கர் கணக்கில் தோலை எடுத்துக்கொண்டு போய்த் துணியும் வெடிமருந்தும் கத்தியும் கேட்டு நின்றவர்கள், தோலுக்கு ஒரு மதிப்பையும் மாற்றுச் சரக்குக்கு ஒரு மதிப்பையும் பேசியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பண்டமாற்றுப் பேச்சே ‘டிக்கர்’ ஆயிற்று என்பது அகராதியாளர்கள் பெரும்பாலும் கூறும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இன்று இந்தச் சொல்லை மிகுதியாக வழங்குபவர்கள் அமெரிக்கர்களே. பழைய மகிழுந்து வாங்குவதிலிருந்து நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி நடக்கும் இழுபறி வரை எதற்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். சிறு தொகைக்காக நீண்ட நேரம் பேசுகிறார்கள் என்ற குறை கூறும் தொனி அதில் கலந்திருக்கும். நம் கடிதத்தில் வந்த வணிகர் பேச்சையே முறித்துக்கொள்ளவில்லை. வேறுபாடு சிறியது, இதோடு முடிப்போம் என்றே சொல்கிறார்.

மௌலமியாயிங் வாசகர் ஒருவர்: பங்குச் சந்தைச் செய்திகளில் தொலைக்காட்சியின் அடிப்பகுதியில் ஓடும் விலை வரியையும் ‘டிக்கர்’ என்கிறார்களே, அதுவும் இந்தச் சொல்தானா?

பதில்: இல்லை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் வந்த ஐயம் இது. பேரத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தை ‘மாடு’ என்பதில் வருகின்ற டகரம் போல மென்மையாக ஒலிக்க வேண்டும். மற்றதன் முதல் எழுத்தைப் ‘பட்டு’ என்பதில் வருவது போல வன்மையாக ஒலிக்க வேண்டும். பின்னது ‘டிக் டிக்’ என்ற ஒலியால் அமைந்த பெயர். 1867இல் எட்வர்ட் கலகன் என்பவர் நியூயார்க்கில் பங்கு விலைகளைத் தந்தி வழியாகத் தாள் நாடாவில் அச்சிடும் கருவியை உருவாக்கினார். அது இயங்கும்போது எழுந்த ஒலியே அதன் பெயராகி, தாள் நாடா மறைந்த பிறகும் நிலைத்துவிட்டது.

மண்டலை வாசகி ஒருவர்: சந்தையில் நாங்கள் பர்மியத்தில் ‘ஸே சித்’ என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஹேகில், பார்கின், டிக்கர், நெகோஷியேட் என்று இத்தனை இருக்கின்றனவே. எதை எங்கே எழுதுவது என்று விளக்க வேண்டுகிறேன், ஐயா.

பதில்: அம்மையார் ‘ஸே சித்’ என்று எழுதியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது, ஹேகில் என்ற சொல்லை விளக்குவதற்கு அதைவிடச் சிறந்த துணை இல்லை. ‘ஸே’ என்பது பர்மியத்தில் சந்தை, விலை என்ற இரண்டையும் குறிக்கும். ‘சித்’ என்பது சிறிது சிறிதாகச் செதுக்குதல். தங்கள் நகரத்தில் சலவைக்கல்லில் புத்தர் சிலை வடிப்பவர்கள் வாழும் தெருவைச் சௌசித்தான் என்கிறோம் அல்லவா, கல் செதுக்குதலைச் சொல்லும் அந்தப் பெயரில் இருப்பதும் இதே ‘சித்’தான். ஆகவே பர்மியர் பார்வையில் பேரம் என்பது விலையைச் செதுக்குவது. ஆங்கில ஹேகிலின் வரலாறும் இதுவே. வெட்டுதல் என்று பொருள்படும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்து, 16ஆம் நூற்றாண்டில் ஒழுங்கில்லாமல் கொத்திக் கொத்தி வெட்டுவதைக் குறித்த அச்சொல், 1600ஆம் ஆண்டை ஒட்டி விலைக்காக வாதாடுவதைக் குறிக்கத் தொடங்கியது. ஒன்றை ஒன்று அறியாத இரண்டு மொழிகள், விற்பவன் சொன்ன விலையில் வாங்குபவன் துண்டு துண்டாகக் கழிப்பதைக் கண்டு ஒரே வகையில் பெயரிட்டிருக்கின்றன. நாமும் ‘அடித்துப் பேசி வாங்கினேன்’ என்கிறோம். கருவி வேறானாலும் கருத்து அதுதான்.

ஹேகிலின் மற்றொரு வடிவம் ‘ஹிகில்’. ஊர் ஊராகச் சென்று முட்டையும் கோழியும் வாங்கி விற்றவர்களை இங்கிலாந்தில் ‘ஹிக்லர்’ என்றார்கள். ஜமைக்காவில் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களுக்கு இன்றும் அதுவே பெயர். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில், வெவ்வேறு வகை உழைப்புகளின் மதிப்பைத் துல்லியமான அளவுகோல் எதுவும் ஒப்பிட்டுத் தருவதில்லை என்றும், சந்தையில் நடக்கும் ஹிகிலும் பார்கினுமே அதை ஒருவாறு சரிக்கட்டுகின்றன என்றும் எழுதினார். பேரம் பேசுவதைத் தாழ்வாக நினைப்பவர்கள் இந்தக் கருத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பார்கின் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது பேரம் பேசுவதையே குறித்தது. கடன் கொடுத்தல் வாங்கல் பற்றிய பழைய ஜெர்மானியச் சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். இன்றைய பிரெஞ்சில் அதன் வழிவந்த சொல் தயங்குதல் என்ற பொருளில் மட்டும் நிற்கிறது. ஆங்கிலத்திலோ அது பேச்சையும் குறிக்கும், பேசி முடித்த உடன்பாட்டையும் குறிக்கும், மலிவாகக் கிடைத்த பொருளையும் குறிக்கும். நெகோஷியேட் என்பது லத்தீனில் ‘ஓய்வின்மை’ என்று பிரியும் சொல்; ஓய்வில்லாமை வேலையாகி, வேலை வணிகமாகி, வணிகம் பேச்சுவார்த்தையாயிற்று.

எழுதும் முறைக்கு வருவோம். வணிகக் கடிதத்தில் நெகோஷியேட் என்று எழுதுவதே மதிப்பானது. சந்தையில் வாங்கியதைப் பற்றி உறவினருக்கு எழுதினால் பார்கின் என்றோ ஹேகில் என்றோ எழுதலாம். எதிர்த்தரப்பார் கேட்கும் விலையைப் பற்றி ‘நீங்கள் ஹேகில் செய்கிறீர்கள்’ என்றோ ‘டிக்கர் செய்கிறீர்கள்’ என்றோ எழுதுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அற்பத் தொகைக்கு அடம் பிடிக்கிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும். நம் தரப்பையும் சேர்த்து ‘நாம்’ என்று அந்த வணிகர் எழுதியதால்தான் அவருடைய வரி உறுத்தவில்லை.

இந்தச் சொற்கள் யாவும் வாய்ப்பேச்சை எண்ணி எழுந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். மோகோக் மாணிக்க வணிகர்கள் துணிக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பற்றி விரல்களாலேயே விலை சொல்லும் வழக்கமும், தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் வழக்கமும் இவற்றுள் எதற்குள்ளும் அடங்குவதில்லை.

பகோ வாசகர் ஒருவர்: வணிகத்தின் வழியாக அயல்மொழிகளில் புகுந்த தமிழ் அளவைச் சொல் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் நாம் அன்றாடம் புழங்கும் சொல். பர்மிய எடையாகிய பெய்த்தாவை ஆங்கிலேயர் ‘விஸ்’ என்று எழுதினார்கள். அந்த ஆங்கிலச் சொல் தமிழ் வீசையிலிருந்து வந்தது என்று ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி கூறுகிறது. பெய்த்தா என்று ஒலிக்கும் பர்மியச் சொல்லும் எழுத்தில் ‘பிஸ்ஸா’ என்றே அமைந்திருப்பதைப் பர்மியம் படிக்கத் தெரிந்தவர்கள் கவனித்திருப்பீர்கள்.

நம் வணிகர்கள் இந்நாட்டுக்கு வந்தது ஆங்கிலேயர் காலத்தில் மட்டும் அன்று. பர்மாவின் பழைய தலைநகரான பாகான் அருகே மியின்கபாவில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், வடமொழிச் செய்யுளோடு தமிழ் உரைநடையும் இருக்கிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதையர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், பாகானில் இருந்த நானாதேசி விண்ணகரம் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தியை அது கூறுகிறது. நானாதேசி என்பது பல நாடுகளுக்கும் சென்று வாணிகம் செய்த வணிகர் குழுவின் பெயர். கோயில் கட்டும் அளவுக்கு அவர்கள் இங்கே நிலைபெற்றிருந்தார்கள் என்றால், அவர்களோடு தராசும் படிக்கல்லும் அவற்றின் பெயர்களும் வந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆனால் தோலுக்கு ஒரு டிக்கர் என்றால் பத்து என்பது போல வீசை எங்கும் ஒரே எடையாக இருக்கவில்லை. சென்னை வழக்கில் நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. அந்த வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. பர்மிய வீசை சாத்தா என்ற சிறு எடை நூறு கொண்டது, அது 1.63 கிலோ. ஆகவே சென்னைக் கணக்கில் நூறு வீசையாக இருந்த சரக்கு இங்கே நிறுத்தால் ஏறத்தாழ 86 வீசைதான் வரும். வீசைக்கு இவ்வளவு என்று ஒரு விலையைச் சொல்வதற்கு முன்பே, எந்த வீசை என்று பேசித் தெளிந்தாக வேண்டியிருந்தது. இன்றும் இந்தியாவுக்கு உளுந்து, துவரை ஏற்றுமதி பற்றி எழுதுபவர்கள் வீசைக் கணக்கைக் குறிப்பிட நேர்ந்தால், அதன் பக்கத்திலேயே கிலோவையும் எழுதிவிடுவது நல்லது. விலையைப் பற்றிய பேச்சு எடையைப் பற்றிய வழக்காக மாறாமல் இருக்கும்.